குதிரைக்குக் கற்பிக்கும் அதபு

 

குதிரைப் போட்டி என்று சொன்னாலே நம் இல்லத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் வியப்பில்லை. பந்தயத் திடலில் பணத்தைக் கட்டி, நகையையும் தொழிலின் முதலையும் இழந்த குடும்பங்களின் கதைகளைக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். சூதாட்டம் ஹராம் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் இம்மாதம் நான் எழுத முற்படுவது வேறொரு குதிரைப் போட்டியைப் பற்றி. இதில் விரைவு இல்லை. பக்கத்தில் ஓடும் எதிரி இல்லை. மணல் பரப்பிய ஒரு களம், ஒரு குதிரை, அதன் மீது ஒரு மனிதர், அவ்வளவே.

இதற்கு டிரஸ்ஸாஜ் என்று பெயர். பிரெஞ்சு மொழிச் சொல். பழக்குதல், பயிற்றுவித்தல் என்பது அதன் பொருள். களம் அறுபது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உடையது. அதன் ஓரங்களில் ஆங்கில எழுத்துகள் பொறித்த பலகைகள் நிற்கும். 'ஏ' என்னும் எழுத்தின் வழியே குதிரை உள்ளே வரும். நடுப்புள்ளியில் அசையாமல் நிற்கும். சவாரி செய்பவர் நடுவர்களுக்கு வணக்கம் தெரிவிப்பார். பிறகு முன்கூட்டியே வகுக்கப்பட்ட வரிசைப்படி, இன்ன எழுத்திலிருந்து இன்ன எழுத்துவரை இன்ன நடை என்று குதிரை நடந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் சுழியம் முதல் பத்து வரை மதிப்பெண். இறுதியில் நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். நம் பிள்ளைகள் தேர்வு எழுதுவதைப் போன்றதுதான்.

எந்நடை என்று கேட்பீர்கள். நான்கு குளம்பும் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றும் நடை. முன்காலும் எதிர்ப்புறப் பின்காலும் சேர்ந்து ஊன்றும் துள்ளோட்டம். மூன்று தாளத்தில் பாயும் ஓட்டம். இம்மூன்றும் அடிப்படை. மேல்வகுப்புக் குதிரைகள் பக்கவாட்டில் நகரும். பின்கால்களை மையமாக்கி நின்ற இடத்திலேயே சுழலும். முன்னேறாமல் ஓரிடத்திலேயே துள்ளோட்டம் இடும். குதிரையின் ஐவகை நடையை ஐங்கதி என்றும், அது வட்டமிட்டு வருவதைச் சாரி என்றும் நம் பழந்தமிழ் கூறும். இத்துணை நுட்பமான சொற்களை வைத்திருந்த மொழியில் இன்று குதிரைக்கு 'ஓடு', 'நில்' என்னும் இரண்டு ஏவல்களே எஞ்சியிருப்பது ஒரு தனி வருத்தம்.

இப்போட்டியில் என்னை ஈர்த்தது குதிரையின் ஆட்டம் அன்று, மனிதரின் அடக்கம். சவாரி செய்பவர் குதிரையிடம் வாய் திறந்து பேசக் கூடாது; நாவைச் சொடுக்கினாலும் மதிப்பெண் குறையும். இருக்கையில் உடல் எடையைச் சற்றே மாற்றுதல், காலால் இலேசாக அணைத்தல், விரல்களால் கடிவாள வாரை மெல்ல இறுக்கித் தளர்த்துதல் ஆகிய இவைதாம் அவருடைய மொழி. அந்த மொழியும் பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படக் கூடாது. ஒன்றுமே செய்யாதவர்போல் எவர் அமர்ந்திருக்கிறாரோ அவரே தேர்ந்தவர். குதிரை வாயைப் பிளந்தால், வாலை வெடுக்கென்று அடித்தால், முதுகை இறுக்கினால் நடுவர் அதைக் குறித்துக்கொள்வார். அக்குறை குதிரையின் கணக்கில் மட்டும் எழுதப்படுவதில்லை. கற்பித்தவர் கணக்கிலும் சேர்கிறது.

நம் நாட்டினர் இக்கலையில் அண்மையில்தான் பெயர் பெற்றனர். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வென்றது. அனுஷ் அகர்வல்லா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வர் அதில் இடம்பெற்றனர். நால்வரில் மிகுதி பெற்ற மூவரின் மதிப்பெண்ணைக் கூட்டுவது விதி, கூட்டுத்தொகை 209.205. சீனா 204.882 பெற்று இரண்டாம் இடத்தில் நின்றது. 1982ஆம் ஆண்டு டில்லி ஆசிய விளையாட்டுக்குப் பின் குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே. தனிநபர் பிரிவில் அனுஷ் வெண்கலம் பெற, தங்கத்தை மலேசியாவின் காபில் அம்பாக் என்னும் முஸ்லிம் வீரர் தட்டிச் சென்றார். (அப்பிரிவின் இறுதிச் சுற்று இசையோடு நடத்தப்படுவது. அதைப் பற்றிய மார்க்க வினாக்களை இங்கே நான் எடுக்கவில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

இனி என் பாடத்துக்கு வருகிறேன்.

டிரஸ்ஸாஜ் என்னும் சொல்லின் பொருளை அறிந்தபோது, ஹதீஸ் நூலில் பலமுறை பாடம் நடத்திய ஒரு சொல் என் நினைவில் எழுந்தது. உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய தொகுப்புகளில் வரும் செய்தி அது. மனிதனின் கேளிக்கைகளில் பெரும்பாலானவை வீண் என்று கூறும் நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் மூன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறார்கள்: வில் எய்தல், தன் குதிரையைப் பழக்குதல், மனைவியோடு விளையாடி மகிழ்தல். (மூன்றாவதை நம் ஆண்கள் எத்துணைப் பேர் பேணுகிறார்கள் என்பதை இல்லத்தரசிகளே சொல்ல வேண்டும்.) இதில் குதிரையைப் பழக்குவதற்கு அரபு மூலத்தில் வரும் சொல் 'தஃதீப்'. அதபு என்னும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. மக்தபில் பிள்ளைகளுக்கு நாம் எதைக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்கிறோமோ, அதே அதபு! குதிரைக்கும் குழந்தைக்கும் அரபு மொழி ஒரே வினையை வைத்திருக்கிறது.

அப்படியானால் குதிரைக்கு அதபு எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டாமா?

டிரஸ்ஸாஜ் பயிற்சியில் செர்மானியர் வகுத்த படிமுறை ஒன்றை உலகம் பின்பற்றுகிறது. முதற்படி சீரான தாளம். அடுத்தது உடலும் உள்ளமும் இறுக்கமின்றித் தளர்ந்திருத்தல். அதன் பிறகே கடிவாளத்தோடு நம்பிக்கையான தொடர்பு. பின்னர் உந்துவிசை, நேர்மை, இறுதியாகத் தன் எடையைப் பின்கால்களில் திரட்டி நிற்கும் ஆற்றல். வரிசையைக் கவனியுங்கள். அச்சமும் இறுக்கமும் அகலுவது இரண்டாம் படியிலேயே வந்துவிடுகிறது. அது நீங்காத குதிரைக்கு மேற்படிகள் எதுவும் கைகூடா. மூன்று நான்கு வயதில் தொடங்கும் பயிற்சி முழுமை பெறப் பல ஆண்டுகள் ஆகும். எட்டு வயது நிறையாத குதிரையை 'கிராண்ட் பிரி' எனப்படும் மேல்நிலைப் போட்டியில் இறக்கப் பன்னாட்டுச் சம்மேளனம் அனுமதிப்பதில்லை.

நம் ஊர் தோல் ஊர். பேரணாம்பட்டு வாசகருக்கு இதை விளக்க எனக்கு வேறு உவமை தேவையில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தில் ஒரு தோல் எத்தனை நாள் ஊறியது, எத்தனை முறை புரட்டப்பட்டது என்பதை உங்கள் பாட்டனாரைக் கேளுங்கள். அவசரப்பட்டால் தோலின் மேற்பரப்பு வெடிக்கும். உட்பகுதி வேகாமல் நிற்கும். கடிவாள வாருக்கு இன்றும் பட்டைச்சாற்றில் பதனிட்ட தோலையே விரும்புகிறார்கள். நம் பகுதி காலணித் தோலுக்குப் பெயர் பெற்றது; சேணமும் கடிவாளமும் செய்வதில் கான்பூருக்கே பெயர். எனினும் தோலின் குணம் எங்கும் ஒன்றே.

பயிற்சியின் உயிர்நாடி ஒரு கணத்தில் இருக்கிறது. சவாரி செய்பவர் காலால் அணைக்கிறார். குதிரை ஓர் அடி எடுத்து வைக்கிறது. அந்த அடி எழுந்த கணத்திலேயே அணைப்பு நீங்க வேண்டும். வாரை இறுக்குகிறார், குதிரை கழுத்தை இளக்குகிறது. இளக்கிய கணத்திலேயே விரல் தளர வேண்டும். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்திலிருந்து அன்று. சரியானதைச் செய்தவுடன் கிடைக்கும் அந்த விடுதலையிலிருந்துதான். செய்த பிறகும் அழுத்தம் நீடித்தால் அதற்கு ஒன்றும் விளங்காது. கீழ்ப்படிந்தாலும் வலி, கீழ்ப்படியாவிட்டாலும் வலி என்றால் அந்த விலங்கு என்ன செய்யும்? சில முரண்டு பிடிக்கும். சில செத்த கண்ணோடு சொன்னதைச் செய்யும். இரண்டாம் வகைதான் மிகவும் பரிதாபத்திற்குரியது என்பேன்.

காயிதாவில் ஓர் எழுத்தைத் திருத்தி ஓதிவிட்ட பிள்ளையை, முன்னர்த் தவறியதற்காக மறுபடியும் கடிந்துகொள்ளும் உஸ்தாதையும் பெற்றோரையும் இங்கே நினைத்துப் பாருங்கள்.

படிமுறை பிரிப்பது மேல்நாட்டார் கண்டது என்று எண்ணிவிடாதீர்கள். நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் போட்டி நடத்தியதைப் புகாரீ தொகுப்பில் காண்கிறோம். தீவனத்தை முறையாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கச் செய்து, உடலை வடிவாக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். ஐந்து அல்லது ஆறு மைல். அவ்வாறு பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. ஒரு மைல் மட்டுமே. இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். பழகிய குதிரைக்கு ஓர் அளவு, பழகாததற்கு வேறோர் அளவு! ஒரே வயதுப் பிள்ளைகள் அனைவரும் ஒரே நாளில் ஒரே ஜுஸ்வை முடிக்க வேண்டும் என்று நிற்பவர்கள் இந்த ஹதீஸின் இரு தூரங்களையும் அருள்கூர்ந்து அளந்து பார்க்கட்டும்.

அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரை மந்தகதி உடையது என்று பெயர் வாங்கியிருந்தது. மதீனாவில் ஓர் இரவு அச்சக்குரல் எழுந்தபோது, நபிகள் பெருமானார் சேணமில்லாத அக்குதிரையில் ஏறித் தனியே சென்று பார்த்துத் திரும்பினார்கள். திரும்பி வந்து அதன் ஓட்டத்தைக் கடலுக்கு ஒப்பிட்டார்கள். குதிரை பழையதுதான், அமர்ந்தவர் வேறு.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியோ இன்னும் நெருக்கமானது. முரண்டு பிடிக்கும் ஓர் ஒட்டகத்தில் ஏறிய அன்னையார் அதனை முன்னும் பின்னும் விரட்டினார்கள். பார்த்திருந்த நபிகள் பெருமானார், மென்மையைக் கைக்கொள்ளுமாறு தம் மனைவியாருக்கு அறிவுறுத்தினார்கள். முஸ்லிம் தொகுப்பில் இது இருக்கிறது. மென்மை பற்றிய இந்த நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அது சவாரி பழகிய ஒரு பெண்மணிக்குச் சொல்லப்பட்ட பாடம் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

இப்படி எழுதுவதால் டிரஸ்ஸாஜ் உலகம் முழுதும் மென்மையால் நிறைந்தது என்று கருதிவிட வேண்டாம். இங்கிலாந்தின் சார்லட் டுஜார்டின் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் உட்பட ஆறு பதக்கங்கள் பெற்றவர். குதிரையும் அவரும் ஓருயிர் போல் இயங்குவதாக உலகம் போற்றியது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன் ஒரு காணொளி வெளியாயிற்று. மாணவி ஒருவருக்குப் பாடம் நடத்தும்போது அவர் நீண்ட சவுக்கால் குதிரையின் கால்களில் மீண்டும் மீண்டும் அடிப்பது அதில் தெரிந்தது. போட்டியிலிருந்து அவரே விலகிக்கொண்டார். பன்னாட்டுச் சம்மேளனம் ஓராண்டுத் தடையும் பத்தாயிரம் சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. ஒலிம்பிக் களத்துள் சவுக்கோடு நுழைய முடியாது. நடுவர்கள் பார்க்கும் சில நிமிடங்களில் கை மென்மையாக இருந்தது; அடி விழுந்ததோ கற்பிக்கும் இடத்தில், கதவு மூடிய கொட்டகையில். கற்பிக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு அச்செய்தி வெளிநாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

நம் பெற்றோர் பிள்ளையை மதரஸாவில் விடும்போது சொல்லும் வழக்கமான வாசகம் ஒன்றுண்டு: 'கண் இரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஜரத்!' தமிழகம் எங்கும் ஆசிரியர்களிடம் சொல்லப்படுவதுதான். ஆனால் தோல் உரிப்பது எத்தகைய தொழில் என்று அறிந்த இந்த ஊரில் அதைக் கேட்கும்போது எனக்கு உடல் கூசுகிறது. உரித்த தோல் எத்துணைப் பதனிட்டாலும் செருப்பாகத்தான் ஆகும். மறுபடி உயிர் பெறாது. சொல்பவர்கள் பாசம் இல்லாதவர்கள் அல்லர். அவர்களும் அவ்வாறே வளர்க்கப்பட்டார்கள்.

அதற்காக, மார்க்கம் கண்டிப்பையே மறுக்கிறது என்று நான் வாதிட வரவில்லை. டிரஸ்ஸாஜ் சவாரியின் காலணியிலும் குதிமுள் உண்டு. குதிரையின் வாயில் இரும்பும் உண்டு. இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 1377ஆம் ஆண்டில் எழுதிய முகத்திமாவில், மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குத் தீங்கு என்று ஒரு தனி அத்தியாயமே வகுத்தார்கள். அடக்குமுறையில் வளரும் சிறுவனின் உற்சாகம் வடிந்துவிடும். அவன் சோம்பலுக்குப் பழகுவான். அடிக்கு அஞ்சிப் பொய்யும் பாசாங்கும் கற்பான். அதுவே பின்னர் அவன் குணமாகிவிடும் என்பது அவர்களின் கணிப்பு. அடித்தே ஆக வேண்டுமாயின் மூன்றுக்கு மேல் கூடாது என்னும் முன்னோர் கூற்றையும் அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மக்தபில் பிரம்பு வேண்டுமா என்னும் விவாதம் நம் ஜமாஅத்துக் கூட்டங்களில் இன்னும் ஓயவில்லை. என் கருத்தைக் கேட்டால், பிரம்பு அலமாரியில் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, உஸ்தாத் உள்ளே வரும்போது பிள்ளைகளின் தோள் இறுகுகிறதா இளகுகிறதா என்று பாருங்கள் என்பேன். நடுவர்கள் குதிரையிடம் பார்ப்பதும் அதையே.

வலிமைதான் கீழ்ப்படிதலைப் பெற்றுத் தரும் என்போருக்கு டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் ஒருவரே போதும். 1944இல் கருவுற்றிருந்த நிலையில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. முழங்காலுக்குக் கீழ் இயக்கம் அற்றுப்போயிற்று. குதிரையில் ஏற்றவும் இறக்கவும் பிறர் துணை வேண்டும். ஒலிம்பிக் டிரஸ்ஸாஜ் அதுவரை இராணுவ அதிகாரிகளுக்கே உரியதாக இருந்தது. 1952இல் ஹெல்சிங்கியில்தான் பொதுமக்களுக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது. அந்த முதல் வாய்ப்பிலேயே ஜூபிலி என்னும் தம் குதிரையில் அவர் வெள்ளி வென்றார். 1956இலும் வெள்ளி. காலால் அழுத்த முடியாத ஒருவரின் விருப்பத்தை அந்தக் குதிரை எதைக் கொண்டு அறிந்தது? எடையின் சிறு அசைவைக் கொண்டு. பல்லாண்டுப் பழக்கத்தைக் கொண்டு.

சரி, நம் பிள்ளைகள் இதைப் பழகலாமா என்று சிலர் கேட்கக்கூடும். குதிரை நமக்கு அந்நியம் அன்று. இராவுத்தர் என்னும் பெயரே குதிரை வீரரைக் குறிப்பது. பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் காயலில் கப்பல் கப்பலாக வந்திறங்கின. அவற்றைப் பேணும் முறை அறியாமல் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகளை மாளவிட்டார்கள் என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். வாங்குவதற்குப் பொன் இருந்தது. வளர்ப்பதற்கு அறிவு இல்லை.

இன்று பிழைப்புக்காக அன்றி விருப்பத்திற்காகச் சவாரி பழகுவோர் நம் நகரங்களில் பெருகி வருகின்றனர். வி.கோட்டா மலைப்பாதை வழியே நாம் சென்று வரும் பெங்களூரிலிருந்து புறப்பட்டவர்தாம் ஃபவாத் மிர்ஸா. குதிரை மருத்துவரின் மகன். டிரஸ்ஸாஜ், கரடுமுரடான வெளியில் பாய்ச்சல், தடை தாண்டல் மூன்றும் அடங்கிய போட்டி அவருடையது. 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர், அணி இரண்டிலும் வெள்ளி பெற்றார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் பகுதி முடிந்தபோது ஒன்பதாம் இடத்தில் இருந்தார்; முடிவில் இருபத்து மூன்றாம் இடம். கொல்கத்தாவைச் சேர்ந்த சுருதி வோரா இரு பிள்ளைகளின் தாய். 2024 ஜூன் மாதத்தில் சுலோவேனியாவின் லிபிட்சாவில் மூன்று நட்சத்திர கிராண்ட் பிரி போட்டியில் வென்ற முதல் இந்தியர் அவர். ஆணும் பெண்ணும் ஒரே பட்டியலில் போட்டியிடும் விளையாட்டு இது.

செலவு மிகப் பெரிது, அதை மறைப்பதற்கில்லை. குதிரையின் விலை, தீவனம், இலாடம், மருத்துவம் எல்லாம் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாதவை. மேலே சொன்ன வீரர்கள் பலரும் ஐரோப்பாவில் தங்கியே பயின்றனர். ஆகவே உங்கள் பிள்ளைக்குக் குதிரை வாங்கிக் கொடுங்கள் என்று எழுத எனக்குத் துணிவில்லை. பெங்களூருக்கோ சென்னைக்கோ செல்லும்போது ஒரு சவாரிப் பள்ளிக்கு அவர்களை அழைத்துச் சென்று, பயிற்சி நடக்கும் ஒரு மணி நேரத்தைப் பார்க்கச் செய்யலாம். பிள்ளைகள் குதிரையைப் பார்க்கட்டும். பெற்றோர் பயிற்றுவிப்பவரின் கையைப் பாருங்கள்.

அங்கே பாடம் முடியும் தறுவாயை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள். போட்டியிலும் அப்படித்தான், இறுதி வணக்கம் முடிந்ததும் வார் முழுவதும் தளர்த்தப்படும். அதுவரை கழுத்தை வில்லாக வளைத்து நின்ற குதிரை, தலையைத் தரைவரை நீட்டித் தாழ்த்தி, மூச்சை நீளமாக விட்டுத் தன் போக்கில் நடந்து வெளியேறும். சவாரி செய்பவர் அதன் கழுத்தைத் தடவிக் கொடுப்பார்.

நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு நாள் தம் மேலாடையால் தம் குதிரையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கண்டவர்கள் காரணம் கேட்டனர். குதிரையின் விஷயத்தில் நேற்றிரவு தாம் கண்டிக்கப்பட்டதாக அவர்கள் விடை பகர்ந்தார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது.